பத்தாம் வகுப்பு கணிதம்: பொதுத்தேர்வுக்கு ஐந்து வாரம், திருப்புதலை எப்படி அடுக்குவது?

கரும்பலகை:

வணக்கம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. வகுப்பில் 38 பேர். அரையாண்டில் 9 பேர் 35-ஐத் தொடவில்லை, 22 பேர் 40-லிருந்து 70-க்குள், மிச்ச 7 பேர் 85-க்கு மேல். பாடம் முடிந்துவிட்டது. தினமும் காலையில் 45 நிமிடம் சிறப்பு வகுப்பு உண்டு, சனிக்கிழமை ஒரு முழுத்தேர்வு வைக்கலாம்.

மூன்று சந்தேகங்கள்.

1) அந்த 9 பேருக்கு எதைப் பிடித்துக் கொடுப்பது? 'முக்கிய வினாக்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது அறுபது பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

2) நடுவில் இருக்கும் 22 பேர்தான் பெரிய தலைவலி. போர்டில் கூப்பிட்டால் கணக்குப் போடுகிறார்கள். தாளில் மதிப்பெண் விழுவதில்லை.

3) செய்முறை வடிவியலும் வரைபடமும் தேர்வில் முதலில் போடச் சொல்வதா, கடைசியிலா?

மூலைமட்டம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் சார். வினாத்தாள் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

பகுதி 1-ல் ஒரு மதிப்பெண் 14. பகுதி 2-ல் இரண்டு மதிப்பெண் வினா 14 வரும், 10 எழுத வேண்டும், 28-வது கட்டாயம். பகுதி 3-ல் ஐந்து மதிப்பெண் வினா 14, அதிலும் 10 எழுத வேண்டும், 42-வது கட்டாயம். பகுதி 4-ல் 43, 44 என இரண்டு எட்டு மதிப்பெண், இரண்டுக்கும் 'அல்லது' உண்டு. 14 + 20 + 50 + 16, மொத்தம் 100.

தோல்வி நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 35-க்கான வழி பகுதி 4-ல்தான் தொடங்குகிறது. வரைபடம் 8, வடிவியல் 8. இரண்டும் கையால் பழகுகிற வேலை. பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பையன்கூடக் கவராயத்தை ஒழுங்காகப் பிடிப்பான். 16 இங்கே வந்தால், புத்தகத்தின் அலகு இறுதிப் பலவுள் தெரிவு வினாக்களை மட்டும் ஓட்டி ஒரு மதிப்பெண்ணில் 8 எடுக்க வைக்கலாம். 24 ஆகிவிட்டது. மிச்சம் 11. அதற்கு இரண்டு முழு ஐந்து மதிப்பெண்ணும் ஒரு இரண்டு மதிப்பெண்ணும் போதும் என்று கணக்கு சொல்லும். அப்படி விளிம்பில் நிறுத்தாதீர்கள், ஆறு வகை ஐந்து மதிப்பெண்ணைத் தயார் செய்யுங்கள்.

என் தேர்வு இவை: கார்ட்டீசியன் பெருக்கலில் இரண்டு பக்கமும் சமம் எனச் சரிபார்ப்பது, சார்பை வரிசைச் சோடி, அட்டவணை, அம்புக்குறி படம், வரைபடம் என நான்கு விதமாகக் குறிப்பது, அணிப் பெருக்கல், அடிப்படை விகிதசமத் தேற்றம், நாற்கரத்தின் பரப்பு, இரண்டு பகடை நிகழ்தகவு. ஆறிலும் சிந்தனை குறைவு, ஒழுங்கு அதிகம். முக்கோணவியல் முற்றொருமைகளை இந்த 9 பேரிடம் கொண்டுபோகவே வேண்டாம். அதே நேரத்தில் நாலு வரைபடம் போட்டுவிடலாம்.

தேற்றத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லாமல் துண்டாக்கிக் கொடுங்கள். கூற்று, கொடுக்கப்பட்டது, நிரூபிக்க, அமைப்பு, படம், பிறகு 'கூற்று – காரணம்' அட்டவணை. நிரூபணம் பாதியில் நின்றுபோனாலும் முன்னால் உள்ள துண்டுகளுக்கு மதிப்பெண் உண்டு. வெறும் தாளாக விடுவதுதான் பூஜ்யம்.

இன்னொன்று, கட்டாய வினா. 28-ஐயோ 42-ஐயோ விட்டுவிட்டு வேறு பத்து எழுதினால் அதில் ஒன்று கணக்கில் வராது. 'தெரியாவிட்டாலும் சூத்திரம், படம், முதல் வரி எழுது' என்று இப்போதிருந்தே பழக்குங்கள்.

கவராயம்:

வடிவியலைப் பற்றி நான். எட்டு மதிப்பெண்ணில் வருவது மூன்றே குடும்பம்: வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம், தொடுகோடு. பிள்ளைகள் தடுக்கி விழுவது நடுவில் இருப்பதில்தான்.

அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து நடுக்கோடு 5.8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் வரைந்ததும் இடது முனையில் 60°-ஐக் *கீழ்ப்பக்கம்* குறிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு அதே முனையில் 90° எடுத்தால் அது அடிப்பக்கத்துக்கு மேலே சாய்ந்து போகும். அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அதை வெட்டும் இடம் வட்டமையம்.

பழக்க தோஷத்தில் பாதிப் பேர் 60°-ஐ மேலே குறித்துவிடுவார்கள். மையம் கீழே போய்விடும். அடிப்பக்கத்துக்கு மேலே இருக்கும் வில்லில் கோணம் 120° ஆகிவிடும். நடுப்புள்ளியிலிருந்து 5.8 எடுத்து வில் போட்டால் அந்த வில் வட்டத்தில் படவே படாது, ஏனென்றால் மேல் வில்லில் எந்தப் புள்ளியும் நடுப்புள்ளியிலிருந்து 4 செ.மீ.-க்கு மேல் தள்ளி இல்லை. பையன் அங்கே அளவை மாற்றி 'ஒட்ட வைப்பான்'. ஆகவே ஒரே விதி: வில் வெட்டவில்லை என்றால் அளவில் கை வைக்காதே, கோணம் எந்தப் பக்கம் என்று பார்.

சரியாகப் போட்டால் ஆரம் 4.6 செ.மீ. வரும், வட்டம் அடிப்பக்கத்தின் *இரண்டு* முனை வழியாகவும் போகும். ஒரு முனையில் மட்டும் போனால் மையக்குத்துக்கோடு கோணல். அந்த இடத்திலேயே அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது மேல். வினாவில் குத்துக்கோட்டின் நீளமும் கேட்டிருந்தால் அளந்து எழுத வேண்டும், இந்தக் கணக்கில் அது 3.8 செ.மீ. படம் கச்சிதமாக வரைந்துவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் வருகிற பிள்ளைகள் நிறைய.

இதே கணக்கில் நடுக்கோட்டுக்குப் பதில் குத்துக்கோடு கொடுத்தால், மையக்குத்துக்கோட்டில் அடிப்பக்கத்திலிருந்து அந்த உயரத்தைக் குறித்து இணைகோடு. கோண இருசமவெட்டி கொடுத்தால், மையக்குத்துக்கோடு வட்டத்தைக் *கீழே* வெட்டும் புள்ளியிலிருந்து அடிப்பக்கத்தில் கொடுத்த புள்ளி வழியாக மேலே நீட்டுவது. முதல் ஐந்து படி மூன்றுக்கும் ஒன்றே. மூன்று கணக்காகச் சொல்லிக்கொடுக்காமல் ஒரு கணக்கு, மூன்று முடிவு என்று சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடும்.

தொடுகோடு எளிது. ஆரம் 3, வெளிப்புள்ளி மையத்திலிருந்து 8 என்றால் நீளம் √(64 − 9) = √55, கிட்டத்தட்ட 7.4. படத்தில் 7.2-க்குக் கீழோ 7.6-க்கு மேலோ அளந்தால் எங்கோ நழுவியிருக்கிறது.

கருவிப்பெட்டியை இந்த வாரமே திறந்து பாருங்கள். திருகு தளர்ந்த கவராயம் பாதி வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் விரிந்துவிடும். கூர் மழுங்கிய பென்சில் போடும் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன். பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் திருகை முடுக்குங்கள்.

சாய்வு:

வரைபடத்துக்கு நான் வருகிறேன். மாறுபாட்டு வரைபடம், இருபடி வரைபடம் என இரண்டு வகை. இருபடியில் 8-க்கு 5 வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறார்கள்: கழித்தல்.

y = x² − 2x − 3 வரைந்து, அதைக்கொண்டு x² − x − 6 = 0-ஐத் தீர்க்க வேண்டும். அட்டவணை −3 முதல் 5 வரை போட்டால் 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12. நடு மதிப்பிலிருந்து இரண்டு பக்கமும் எண்கள் கண்ணாடி போல ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு மதிப்பு தப்பு, பெரும்பாலும் குறை எண்ணின் வர்க்கத்தைக் குறையாக எழுதியிருப்பார்கள்.

பிறகு கழித்தல்:

y = x² − 2x − 3
0 = x² − x − 6

கீழே உள்ளதன் குறிகளைப் பென்சிலால் மாற்றி எழுதிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். −2x + x = −x. −3 + 6 = 3. ஆக, y = −x + 3. குறி மாற்றாமல் போட்டால் −3x − 9 வரும், அந்தக் கோடு பரவளையத்தைத் தொடாது. பிள்ளை 'மெய்யான தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடும்! அப்படி ஒரு விடை நிஜமாகவே சில கணக்குகளில் வருவதால் சந்தேகமும் வராது. அதனால் 'தீர்வு இல்லை' என்று வந்தால் மட்டும் தீர்க்க வேண்டிய சமன்பாட்டின் தன்மைகாட்டியை (b² − 4ac) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே 1 + 24 = 25, குறையெண் அல்ல. ஆக எங்கோ தப்பு.

சரியான கோடு (−2, 5), (3, 0) என்ற புள்ளிகளில் வெட்டும். தீர்வு −2, 3. தீர்வாக x மதிப்புகளை மட்டும் எழுத வேண்டும். புள்ளிகளையே தீர்வு என்று எழுதிவிடுவது அடுத்த பழக்கம்.

வளைவை அளவுகோல் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி இணைக்கக் கூடாது. தாளைத் திருப்பி, மணிக்கட்டு வளைவின் உட்பக்கம் இருக்குமாறு வைத்து வரைந்தால் கை தானாக வளையும்.

மாறுபாட்டில், முதலில் அட்டவணை எந்த வகை என்று ஒரு வரி எழுத வேண்டும். 4, 5, 8, 10 ஆட்கள். 20, 16, 10, 8 நாட்கள். பெருக்கினால் எல்லாம் 80, ஆகவே எதிர் மாறுபாடு, xy = 80. வகுத்தால் மாறிலி வருவது நேர் மாறுபாடு, நேர்கோடு. வினாவில் கேட்ட மதிப்பை வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே 80 ÷ 16 = 5 என்று சரிபார்த்துக்கொள்ளலாம். அச்சுகளின் பெயர், அளவுத்திட்டம், சமன்பாடு மூன்றும் தாளில் இருக்கிறதா என்பது கடைசிப் பார்வை.

கரும்பலகை:

சாய்வு மேடம், −3x − 9 விஷயம் கச்சிதம். போன வாரத் தாள்களில் 'தீர்வு இல்லை' ஏழெட்டு வந்தது, காரணம் இப்போதுதான் புரிகிறது. இரண்டாவது கேள்விக்கும் யாராவது இப்படி ஒரு இடத்தைக் காட்ட முடியுமா? அந்த 22 பேர்.

மிச்சம்_பூஜ்யம்:

அந்த 22 பேருக்குப் புதுக் கணக்கு எதுவும் கொடுக்காதீங்க சார். அவங்க பழைய தாளையே எடுத்துக்கிட்டு, மதிப்பெண் போன இடத்தை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்க. அவங்கவங்க தப்பு நாலஞ்சு வகைக்குள்ள அடங்கிடும். வழக்கமா வர்றதை எழுதுறேன்.

தொடர்களின் கூடுதல். 10³ + 11³ + … + 20³. 20 வரைக்கும் கூடுதல் 210² = 44100. கழிக்க வேண்டியது 9 வரைக்கும், 45² = 2025. விடை 42075. பத்து வரைக்கும் கழிச்சா 41075 வரும். வித்தியாசம் சரியா 1000, அதாவது 10³. முதல் உறுப்பையே தூக்கி வெளியே போட்டுட்டாங்கன்னு அர்த்தம். இதைப் போர்டுல ஒரு தடவை காட்டுங்க, மறக்க மாட்டாங்க.

நாற்கரப் பரப்பு. (−4, −2), (−3, −5), (3, −2), (2, 3). ஒரு பக்கப் பெருக்கல்களின் கூடுதல் 31, மறுபக்கம் −25. 31 − (−25) = 56, பாதி 28 சதுர அலகு. நடு அடைப்புக்குறி இல்லாம 31 − 25 = 6, பாதி 3-ன்னு எழுதுறாங்க. உதவிப்படம் போட்டிருந்தா இவ்வளவு பெரிய நாற்கரத்துக்கு 3 வராதுன்னு கண்ணே சொல்லிடும். புள்ளிகளைக் கடிகார எதிர்த்திசையில அடுக்கவும் அந்தப் படம்தான் வேணும். வினாவுல கொடுத்த வரிசை எப்பவும் சரியா இருக்கும்னு நம்பக் கூடாது. முதல் புள்ளியைக் கடைசியில திரும்ப எழுதாம விடுறதும் உண்டு.

வர்க்கமூலம், நீள் வகுத்தல். 4x⁴ − 12x³ + 37x² + ax + b முழுவர்க்கம்னா a, b என்ன? ஈவு 2x², அடுத்து −3x. மூணாவது வகுத்தியில முன்னாடி வந்த ஈவு முழுசும் இரட்டிப்பாகணும்: 4x² − 6x. இங்கேதான் −3x-ஐ அப்படியே கீழே இறக்கிடுவாங்க. சரியாப் போட்டா a = −42, b = 49. சரிபார்க்க x-க்கு 1 போடுங்க: 4 − 12 + 37 − 42 + 49 = 36. ஈவு 2 − 3 + 7 = 6, அதோட வர்க்கமும் 36. தப்பாப் போட்டா a = −21 வரும், கூட்டினா 57, வர்க்க எண்ணே இல்ல. பத்து விநாடி வேலை.

அளவியல். கால்குலேட்டர் கிடையாதுங்கறதால 22/7-ஐக் கடைசி வரி வரைக்கும் உடைக்கக் கூடாது. 3.14 எடுத்துப் பெருக்க ஆரம்பிச்சா நேரமும் போகும், கணக்கும் போகும். இணைந்த உருவங்கள்ல உருளை மேல அரைக்கோளம் ஒட்டினா, ஒட்டின இடத்து வட்டம் வெளிய தெரியாது. அதைப் புறப்பரப்புல சேர்க்கிறது நிரந்தரத் தப்பு. கூம்பின் இடைக்கண்டத்துல சாயுயரத்துக்கு ஆரங்களோட *வித்தியாசம்* வரும், கனஅளவுல ஆரங்களோட *பெருக்கல்* வரும். ரெண்டும் குழம்பும்.

உயரம்–தூரம். இறக்கக்கோணத்தை உச்சியில செங்குத்துக் கோட்டோட சேர்த்துக் குறிப்பாங்க. கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்கணும். படம் தப்புன்னா அதுக்கப்புறம் எழுதுறது எல்லாம் தப்பு.

தேதி போட்டு ஒரு சின்ன நோட்டுல ஒவ்வொரு பிள்ளையும் தன் தப்பை மட்டும் எழுதட்டும். விடையை இல்ல, தப்பை. அடுத்த சனிக்கிழமைத் தேர்வுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்தைப் படிச்சா போதும்.

மூலைமட்டம்:

மேலே சொன்னதோடு ஒன்று. 85-க்கு மேல் உள்ள ஏழு பேரை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தேவை வேகமல்ல, 42-வது வினா மாதிரித் தெரியாத முகம் கொண்ட கணக்குகள். புத்தக எடுத்துக்காட்டின் எண்ணை மாற்றி, கேட்பதைத் தலைகீழாக்கிக் கொடுங்கள். கூட்டுத்தொடரில் கூடுதல் கேட்பதற்குப் பதில் கூடுதலைக் கொடுத்து உறுப்புகளின் எண்ணிக்கை கேட்பது போல. இருபடிச் சமன்பாட்டில் இரண்டு விடை வரும், எதை நிராகரிப்பது, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அங்கேதான் 100 என்பது 98 ஆகிறது.

மணி_மூன்று:

மூன்றாவது கேள்வி. எழுதும் நேரம் 180 நிமிடம். அதற்கு முன் வினாத்தாள் படிக்க 10, விவரம் நிரப்ப 5. அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: 43, 44-ல் (அ)வா (ஆ)வா என்று முடிவு செய்துவிடுவது. பாதி வரைந்துவிட்டு மாற்றுவதைப் போல நேரத்தை விழுங்குவது வேறில்லை.

நான் சொல்லும் வரிசை: ஒரு மதிப்பெண் 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் 35, பகுதி 4 இரண்டும் 35, ஐந்து மதிப்பெண் பத்துக்கு 80. 165 ஆகிறது. மிச்சம் 15 சரிபார்ப்புக்கு. பகுதி 4 கடைசிக்குப் போகவே கூடாது. மணி அடிக்கப் போகும் நேரத்தில் கை நடுங்கினால் கவராயம் பிடிக்க முடியாது.

கவராயம்:

நடுவில் இருப்பவர்களுக்கு இது சரி. அந்த 9 பேருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மதிப்பெண்ணில் நாலு தெரியவில்லை என்றால் அங்கேயே மனசு விட்டுவிடும். அவர்கள் 43, 44-ஐ முதலில் முடிக்கட்டும். 16 கையில் இருக்கிறது என்கிற தைரியத்தில் மிச்சம் எழுதுவார்கள்.

மணி_மூன்று:

சரி, அவர்களுக்கு அப்படியே. ஆனால் 40 நிமிடத்துக்கு மேல் அதில் உட்காரக் கூடாது. அழித்து அழித்து வரைந்தே ஒரு மணி நேரம் போக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைத் தேர்வில் 40-வது நிமிடம் ஒரு மணி அடித்துப் பழக்குங்கள்.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி வைத்திருக்கிறேன். 9 பேர்: முதல் இரண்டு வாரம் காலை வகுப்பு முழுக்க ஒரு நாள் வடிவியல், ஒரு நாள் வரைபடம், மாற்றி மாற்றி. மூன்றாவது வாரத்திலிருந்து ஆறு வகைக் கணக்குகள், நாளுக்கு ஒன்று. 22 பேர்: தப்பு நோட்டும் சனிக்கிழமைத் தேர்வும். 7 பேருக்குத் தினம் ஒரு தலைகீழ்க் கணக்கு. கடைசியாக ஒன்று: ஒரு மதிப்பெண்ணுக்கு வெறும் (அ), (ஆ) எழுதினால் போதுமா?

மூலைமட்டம்:

போதாது சார். குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். அவசரத்தில் (ஆ) என்று எழுதிவிட்டு (இ)-யின் விடையைப் பக்கத்தில் எழுதிவிடுவார்கள். நீலமோ கருப்போ மை, படத்துக்குப் பென்சில், அடிக்கோட்டுக்குக் கலர் பேனா வேண்டாம். இதை முதல் சனிக்கிழமையிலிருந்தே பிடித்துவிடுங்கள்.